மணல் ஒதுங்கும் இடம், ஆழம் ஒளியும் இடம்

நகரத்துக்கு அருகே ஓடும் ஆறு எங்காவது மணற்கரை விட்டிருந்தால், வெயில் ஏறும் மாதங்களில் ஊர் அங்கே திரண்டுவிடும். வார்சாவில் விஸ்துலாவின் வலது கரை, கீவில் தினிப்ரோவின் நடுவே கிடக்கும் த்ருகானிவ் தீவு, ஹாம்பர்க்கில் எல்பேயின் ஓரம், பெல்கிரேடில் சாவாவும் டான்யூபும் கூடுமிடத்துத் தீவு முனை என்று பல நாடுகளிலும் இதைப் பார்க்கலாம். கடலுக்குப் போய்வர ஒரு நாள் முழுதாகச் செலவாகும். ஆற்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பணமும் விடுமுறையும் குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பொது இடம் நகரத்தில் கிடைப்பது அரிது. ஆகவே ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. போகிறவர்கள் அந்த மணல் அங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பதே என் விருப்பம்.

காரணம் இருக்கிறது. ஆற்று மணற்கரை பார்வைக்குச் சிறிய கடற்கரையாகத் தோன்றினாலும் அதன் குணம் வேறு. கடற்கரையில் அலை வருகிறது, உடைகிறது, திரும்புகிறது. ஆபத்தைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். ஆற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மணலைக் கொண்டுவந்து கரையில் சேர்த்த அதே நீரோட்டம், சில அடி தள்ளிப் பள்ளம் தோண்டிக்கொண்டே இருக்கும். நாம் உட்கார்ந்து மகிழும் இடமும் நம்மை இழுத்துக்கொள்ளும் இடமும் ஒரே வேலையின் இரண்டு விளைவுகள்.

வளைவில் நடப்பது

நிலவியலாளர்கள் 0.0625 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துகள்களை மணல் என்கிறார்கள். இதைவிடப் பொடியான களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் எளிதில் பெயராது. கூழாங்கல்லுக்கோ எடை அதிகம். நடுவில் இருக்கும் மணல்தான் ஆற்றுக்கு எல்லாவற்றையும்விடச் சுலபமாக நகரும் சரக்கு. நொடிக்கு 20, 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நீரே நுண்மணலைப் புரட்டத் தொடங்கிவிடும். வேகம் தணிந்த இடத்தில் அது இறங்கிவிடும். எனவே ஆற்றில் மணல் கிடக்கும் இடமெல்லாம் நீர் ஒருகாலத்தில் வேகம் குறைந்த இடம் என்று பொருள்.

ஆறு வளையும்போது வெளிவளைவில் நீர் வேகமாகவும் உள்வளைவில் மெதுவாகவும் ஓடுகிறது. ஆனால் அது மட்டும் இவ்வளவு மணலைச் சேர்த்துவிடாது. உள்வளைவுக்கு மணலைத் தள்ளிக்கொண்டு வருவது நீரின் குறுக்கோட்டம். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926இல் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் கலக்கிவிட்டால் அடியில் கிடக்கும் தேயிலைத் தூள், சுழலும் நீரால் ஓரத்துக்குத் தள்ளப்படாமல் நடுவில் குவிகிறதே, அது ஏன் என்பதில் தொடங்குகிறது அவருடைய விளக்கம். கோப்பையின் அடிப்பாகம் உராய்வதால் அங்கே நீர் மெதுவாகச் சுழல்கிறது. வெளியே தள்ளும் விசை அங்கே குறைவு. மேல்நீர் ஓரத்துக்குப் போய்க் கீழே இறங்க, அடிநீர் நடுவை நோக்கித் திரும்புகிறது, தூளையும் கூட்டிப்போகிறது. ஆற்று வளைவிலும் இதுவே நடக்கிறது. மேல்நீர் வெளிக்கரையைத் தாக்கி அரிக்கிறது. அடிநீர் அங்கே கிடைத்ததையும் மேலிருந்து வந்ததையும் உள்வளைவுப் பக்கம் உருட்டிவந்து சேர்க்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: விரிந்த மணற்கரைக்கு நேர் எதிரே ஆற்றின் மிக ஆழமான பகுதி இருக்கும். எதிர்க்கரை செங்குத்தாக நின்று, மரவேர்கள் வெளியே தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கரையின் விளிம்பில் நிற்பதும் ஆபத்து. அடிப்பகுதியை நீர் குடைந்திருக்கும், மேலே மண் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது பாடம் நாம் நிற்கும் பக்கத்தைப் பற்றியது. உள்வளைவு மணல் மெல்லச் சரிந்துகொண்டே போகும் என்று கால் நம்புகிறது. முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு என்று கணக்குப் போட்டு நடக்கிறோம். ஆனால் நீருக்கடியில் மணல் ஓரிடத்தில் விளிம்பு கட்டி நிற்கும். அதற்கு அப்பால் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் திடீரென்று இறங்கும். மணல் தானாக நிற்கக்கூடிய சரிவு அவ்வளவுதான். அதன் மேல் ஓர் ஆள் எடை ஏறினால் சரிவே நழுவும். இடுப்பளவு நீரில் நின்றவர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் நீர் உள்ள இடத்துக்குப் போய்விடுகிறார். திட்டின் கீழ்முனையில், அதாவது நீர் போகும் திசையில் உள்ள நுனியில், இந்த விளிம்பு கூர்மையாக இருப்பது வழக்கம். பாலத்தின் தூண்களைச் சுற்றியும் நீர் குடைந்த குழிகள் இருக்கும். இரண்டு ஆறுகள் கலக்கும் இடத்தையும் தவிர்ப்பது நல்லது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னதை அறிவுரையாக எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆற்று மணலில் அதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சென்ற வாரம் தெரிந்த ஆழம் இந்த வாரம் செல்லாது. ஒரு வெள்ளம் வந்து போனால் திட்டு இடம் மாறியிருக்கும், பள்ளமும் இடம் மாறியிருக்கும். பல ஆண்டுகளாக அதே இடத்தில் குளித்தவர்களும் மூழ்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழக்கம் ஆற்றைப் பற்றிய அறிவாகாது. அன்றைக்கு அளந்து பார்த்ததே அறிவு. நீளமான கழியால் முன்னே குத்திப் பார்த்து நடப்பது பழைய வழி. இன்றும் அதைவிட நம்பகமான எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நீரின் பலம்

நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். சாவகாசமாக நடக்கும் வேகம். கரையிலிருந்து பார்த்தால் அப்படி ஓடும் ஆறு சோம்பலாகத் தெரியும். ஆனால் சராசரியாக நீந்தத் தெரிந்த ஒருவரால் அந்த வேகத்தை எதிர்த்து நீந்த முடியாது. 100 மீட்டரை சுமார் 46.4 நொடியில் கடக்கும் உலகச் சாதனை வீரரே நொடிக்கு 2 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறார், அதுவும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு. போதாக்குறைக்கு, நீர் உடலைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முழங்கால் அளவில் நிமிர்ந்து நின்றவரைத் தொடை அளவு நீர் சாய்த்துவிடுவதற்குக் காரணம், நீர் தள்ளும் பரப்பும் வேகமும் சேர்ந்தே கூடுவது. நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றாலும், குதிகாலைச் சுற்றி மணல் கரைந்துபோவதை உணரலாம். கால் தானாகவே குழி பறித்துக்கொள்கிறது.

இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதை இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முயல்வதுதான் ஆளைக் களைப்பாக்கிக் கொல்லும் தவறு. மல்லாந்து, கால்கள் நீர் போகும் திசையில் இருக்கும்படி மிதந்து, ஓட்டத்தோடு போய்க்கொண்டே சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். ஒதுங்கும் இடம் 100, 200 மீட்டர் கீழே இருக்கலாம், பரவாயில்லை. இதனால்தான் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். கீழே இன்னொரு மணல் ஒதுக்கு இருந்தால் நல்லது. விழுந்த மரக்கிளைகள், படகுத்துறையின் கம்பங்கள், தடுப்பணை இருந்தால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தாழ்வான தடுப்பணையின் கீழ்ப்புறத்தில் விழும் நீர் திரும்ப அணையை நோக்கியே சுருண்டு வரும். அந்தச் சுருளில் சிக்கியவரை அது மூழ்கடித்து, மேலே கொண்டுவந்து, மீண்டும் உள்ளே இழுக்கும்; நீச்சல் திறமை அங்கே உதவாது.

மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து இறந்த செய்திகளைப் படிக்காத ஆண்டு இல்லை. நீளமான துணி, கயிறு, கழி, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் என்று எதையாவது எறிவதும் நீட்டுவதுமே கரையில் இருப்பவர் செய்யவேண்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். கையில் ஒரு கயிறு எடுத்துப் போவது பெரிய சுமை அல்ல.

மலைப்பனி உருகி வரும் ஆறுகளில் இன்னொன்றும் உண்டு. வெளியே வெயில் கொளுத்தும்போதும் நீர் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கலாம். திடீரென்று குதித்தால் உடல் தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த ஒரு மூச்சு நீருக்குள் நிகழ்ந்தால் போதும். முதல் சில நிமிடங்களில் அந்தப் பதற்றம் தணிந்துவிடும் என்பதால், அதுவரை மிதந்துகொண்டிருப்பதே செய்யக்கூடியது.

புதைமணலைப் பற்றி மட்டும் மக்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, மனித உடல் புதைமணலைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் இடுப்பளவுக்கு மேல் உள்ளே போகாது என்று காட்டியது. ஆனால் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை வெளியே இழுக்க வேண்டுமானால், நடுத்தர அளவுள்ள ஒரு காரைத் தூக்கும் அளவு விசை தேவைப்படுமாம். அதனால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பின்னால் சாய்ந்து, காலை மெல்ல ஆட்டி, மணலுக்குள் நீர் இறங்க இடம் கொடுத்தால் கால் விடுபடும். உண்மையான ஆபத்து, சிக்கிய நேரத்தில் நீர்மட்டம் ஏறுவது.

மேலே யார் கதவைத் திறக்கிறார்கள்?

நீர்மட்டம் ஏறுவதற்கு மழை தேவையில்லை. நகரங்களை ஒட்டிய ஆறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே ஏதோ ஒரு அணையோ கதவணையோ மின்நிலையமோ இருக்கிறது. மின்சாரத் தேவை கூடும் மணிநேரத்தில் நீரைத் திறந்து, தேவை தணிந்ததும் நிறுத்துவது நீர்மின் நிலையங்களின் வழக்கம். கீழே இருப்பவருக்கு வானம் தெளிவாக இருக்கும். நீர் மட்டும் நிமிடங்களில் உயரும். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்து ஆற்றுக்குள் நின்றிருந்த 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அது பாறை நிறைந்த மலையாறு. ஆனால் ஆற்றின் நடுவே உள்ள மணல் திட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கதை இதுவேதான். கரைக்கும் திட்டுக்கும் இடையே உள்ள கால்வாய் முழங்காலிலிருந்து கழுத்துக்கு உயர்ந்துவிட்டால் திரும்ப வழி இல்லை.

நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். நீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, ஓசை மாறினாலோ உடனே மேலேறிவிட வேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பக்கூடாது. அதே நேரம், இந்தப் பொறுப்பு முழுவதையும் உல்லாசமாக வந்த குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு நீர் திறக்கப்படும் என்பது அணையை நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதைக் கரையில் நிற்பவருக்குக் கேட்கும்படி சங்கொலியாகவும் படிக்கும்படி பலகையாகவும் சொல்வது சலுகை அல்ல, கடமை.

பெரிய கப்பல்கள் போகும் ஆறுகளில் நீர்மட்டம் வேறு விதமாக விளையாடும். ஹாம்பர்க்கில் எல்பே மணற்கரையை ஒட்டிச் சரக்குக் கப்பல் கடக்கும்போது, முதலில் நீர் கரையிலிருந்து உள்வாங்கும்; பிறகு எழும்பித் திரும்பும். உள்வாங்கிய ஈர மணலில் ஓடி விளையாடப் போகும் குழந்தைகளே அதில் சிக்குகிறார்கள். கப்பல் தூரத்தில் தெரியும்போதே குழந்தைகளை மேலே அழைத்துக்கொள்வது அங்கே பழகிக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

மணல் ஏன் குறைகிறது

அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, மணலையும் தேக்குகிறது. நீர்த்தேக்கத்தின் அசையாத நீரில் சுமை முழுவதும் அடியில் படிந்துவிட, மதகு வழியாகத் தெளிந்த நீர் வெளியேறுகிறது. சுமையில்லாத அந்த நீருக்கு அரிக்கும் ஆற்றல் அப்படியே இருக்கிறது. கீழே உள்ள கரைகளிலிருந்தும் திட்டுகளிலிருந்தும் மணலை எடுத்துக்கொள்கிறது. நீரியலாளர்கள் இதைப் பசித்த நீர் என்று அழைப்பது பொருத்தமானது. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை 1963இல் மூடப்பட்டபின் கிராண்ட் கேன்யனின் மணற்கரைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 1996 மார்ச், ஏப்ரலில் ஒரு சோதனை நடத்தினார்கள்: நொடிக்குச் சுமார் 1,270 கன மீட்டர் நீரை ஏழு நாள் தொடர்ந்து திறந்துவிட்டு, ஆற்றடியில் கிடந்த மணலைக் கரைக்கு ஏற்றினார்கள். கரைகள் எழுந்தன. சில மாதங்களில் மீண்டும் கரையத் தொடங்கின. துணையாறுகள் வெள்ளத்தில் புதுமணலைக் கொண்டுவந்து போடும் காலத்தை ஒட்டி நீரைத் திறந்தால்தான் பயன் உண்டு என்பது பிறகு புரிந்தது. 2012 முதல் அந்த முறையில் திறக்கிறார்கள். மணற்கரை ஒருமுறை கிடைத்து நிலைத்துவிடும் பொருள் அல்ல, ஆண்டுதோறும் ஆறு கட்டிக் கொடுக்க வேண்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நகரம் மணலைத் தின்னும் இன்னொரு வழி கட்டுமானம். உலகம் ஆண்டுக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. பாலைவன மணல் காற்றில் உருண்டு வழுவழுப்பாகிவிட்டதால் கான்கிரீட்டில் சரியாகப் பிடிக்காது. எனவே எல்லோர் கண்ணும் ஆற்று மணல் மீது. நகரத்துக்கு அருகில் உள்ள ஆறு முதலில் சுரண்டப்படுகிறது, லாரி வாடகை குறைவு என்ற எளிய காரணத்துக்காக. சுரண்டிய குழிகளில் நீர் நிரம்பியபின் மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆறு தானே தோண்டிய பள்ளத்துக்காவது வளைவு, எதிர்க்கரை என்று அடையாளம் உண்டு. இயந்திரம் தோண்டிய குழிக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. ஆற்றைப் படிக்கத் தெரிந்தவரையும் அது ஏமாற்றும். மணல் அள்ளப்பட்ட ஆற்றுப்பகுதி என்று தெரிந்தால் அங்கே நீரில் இறங்கவே வேண்டாம், மணலில் உட்கார்ந்து வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது.

நீர் சுத்தமா?

கண்ணால் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. தெளிந்த நீரில் கிருமி இருக்கலாம், வண்டல் கலங்கிய நீர் பாதுகாப்பாக இருக்கலாம். பல பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பியதும் மிச்சம் நேரே ஆற்றுக்குப் போகும். ஆகவே கனமழைக்குப் பிறகு இரண்டு நாளாவது நகரத்து ஆற்றில் குளிக்காமல் இருப்பது நல்ல வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உள்நாட்டு நீர்நிலையில் 100 மில்லிலிட்டருக்கு ஈ-கோலை என்ற குடல் கிருமியின் எண்ணிக்கை 500ஐத் தாண்டாமல் இருந்தால்தான் அது மிகச் சிறந்த குளியல் நீர். கரையோர ஈர மணலில் இந்தக் கிருமிகள் நீரில் இருப்பதைவிட அதிகமாகவே தங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மணலில் விளையாடிய குழந்தைக்குச் சாப்பிடும் முன் கையைக் கழுவிவிட வேண்டும். நீரின் மேல் பச்சைப் படலமோ பாசிக் குழம்போ மிதந்தால் குழந்தையையும் நாயையும் இறங்கவிடக்கூடாது; சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு சுரப்பவை.

மணலில் முட்டை

ஆற்றின் நடுத்திட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆலா என்ற நீர்ப்பறவைகள் மணலில் ஒரு சிறு குழி பறித்து அதிலேயே முட்டையிடும். சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. முட்டை மணலின் நிறத்திலும் புள்ளியிலும் கலந்துவிடும் என்பதால் மிதித்த பிறகே தெரியும். மிதிக்காவிட்டாலும், நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை தாய்ப்பறவை திரும்பாது. வெயிலில் முட்டை வெந்துபோக அந்த நேரம் போதும். விஸ்துலாவின் நடுப்பகுதித் திட்டுகள் சிறிய ஆலாவுக்கும் சாதாரண ஆலாவுக்கும் முக்கியமான இனப்பெருக்க இடங்கள். தலைக்கு மேல் பறவைகள் கத்திக்கொண்டு வட்டமிட்டுக் கீழே பாய்ந்தால், வந்த வழியே காலடி பார்த்துத் திரும்பிவிட வேண்டும். நாயைக் கட்டாமல் விடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

நகரங்கள் இந்தக் கரைகளை எப்படி நடத்துகின்றன என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. வார்சாவில் மணற்கரைகள் திறந்திருக்கின்றன, விஸ்துலாவில் நீந்துவதற்குத் தடை இருக்கிறது. மணலும் நிழலும் மக்களுக்கு, நீர் ஆற்றுக்கு என்ற அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். அடிக்கடி இடம் மாறும் மணலுள்ள ஆற்றுக்கு அது நேர்மையான முடிவு. பாரிஸ் வேறு வழியில் போனது. சீன் ஆற்றில் 1923இல் குளிக்கத் தடை விதித்தது. 2002 முதல் கோடையில் கரையில் மணலைக் கொட்டிச் செயற்கைக் கடற்கரை அமைத்தது. பிறகு ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவில் கழிவுநீர் அமைப்பைச் சீர்திருத்தியது. மழைநாளில் பெருகும் நீரைத் தேக்கிவைக்க ஆஸ்டர்லிட்ஸ் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியைக் கட்டியது. 2025 ஜூலை 5 அன்று மூன்று இடங்களில் பொதுமக்களுக்காக ஆற்றைத் திறந்தது. அங்கே ஒவ்வொரு நாளும் நீரைச் சோதித்து, ஓட்டத்தையும் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி ஏற்றுகிறார்கள். திறந்த முதல் வாரத்திலேயே மழை காரணமாகக் குளியலை நிறுத்த வேண்டி வந்தது. அவ்வளவு பணம் செலவழித்த பிறகும், மழை பெய்த மறுநாள் சிவப்புக் கொடி ஏற்றுகிறார்களே, அந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த அளவுச் செலவு எல்லா நகரங்களாலும் ஆகாது. கொடி ஏற்றவும், அன்றைய நீரளவை ஒரு பலகையில் எழுதவும், மேலே அணை இருந்தால் அது திறக்கும் நேரத்தைக் கேட்டு அதே பலகையில் சேர்க்கவும் எந்த நகராட்சியாலும் முடியும்.